பைன் காட்டுக்குக் கீழே திரும்பினோம்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் ஆண்டுத் திவசம் முடிந்தது. காலையில் லண்டன் ஆர்ச்வே நிலையத்தில் இறங்கி, மேட்டு வீதியில் நடந்து, முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தேன். பிறகு இரண்டு ரயில் மாறி தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்பி வந்து, படத்தின் முன்னால் படைத்துவிட்டு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. கொக்குவிலிலிருந்து கணவரின் தம்பி. திவசம் ஒழுங்காக நடந்ததா, ஐயர் வந்தாரா என்றெல்லாம் விசாரித்த பிறகு அவர் குரலைத் தணித்தார்.

“மச்சாள், ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. நெஞ்சு வருத்தம் எண்டு தெரிஞ்ச பிறகும் அண்ணை ஏன் எரிமலைக்குச் சைக்கிளிலை போனவர்? அங்கை பஸ் ஓடுறேல்லையே?”

“ஓடுது.”

“அப்ப?”

அந்த ‘அப்ப’வுக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன் என்றேன். அவர் ஒருவர் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல அது. ஊரில் பலரும் கேட்கிறார்கள் என்று அறிகிறேன். இங்குள்ள நம்மவர்கள் கேட்பதில்லை. என்னைக் கண்டதும் வேறு பேச்சுப் பேசுகிறார்கள்.

2

விடுமுறை என்றால் ஓய்வு என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த நாட்டில் வேறு ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு, ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் ஸ்பெயினுக்குச் சொந்தமான எரிமலைத் தீவுகளுக்குப் போவார்கள். அங்கே கடற்கரையில் அறை எடுப்பார்கள். ஆனால் கடலைப் பார்ப்பதில்லை. விடிந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையில் ஏறுவார்கள். நுரை தள்ள ஏறி, உச்சியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கி, மறுநாள் இன்னொரு பக்கத்தால் ஏறுவார்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, மிகவும் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

என் கணவர் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது நாற்பத்தெட்டாவது வயதில். யாழ்ப்பாணத்து மனிதருக்குச் சைக்கிள் புதிதல்ல. ஆனால் மலை புதிது. எங்கள் ஊரில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. பாலத்து மேடு ஒன்றுதான் மலை. சோளகக் காற்றுக்கு எதிராக மிதிப்பதுதான் நாங்கள் அறிந்த பெரிய பாடு. இவர் கிராய்டன் நகரக் கவுன்சிலில் வீதிப் பகுதியில் வேலை பார்த்தவர். குழி விழுந்த தெருக்களை அளந்து குறிப்பெழுதுவது தொழில். அங்கே கூட வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைக் கிராய்டனுக்குத் தெற்கே உள்ள குன்றுகளுக்கு அழைத்துப் போனார். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் காலணியைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்து, “இஞ்சாரும், இவ்வளவு காலமும் நான் சைக்கிள் ஓடேல்லை, சைக்கிளிலை இருந்திருக்கிறன்” என்றார்.

அடுத்த வாரம் எங்கள் ஒரே மகள் அபிராமியையும் கூட்டிப்போனார். அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பருவம். வீட்டில் மூவரும் மூன்று அறைகளில் இருப்போம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை நான் யன்னலருகே நின்று கேட்பேன். முன்னே போகிறவர் பின்னே வருகிறவருக்கு எச்சரிக்கை சொல்வது சைக்கிள்காரர் வழக்கம். அபி முன்னே போவாள். “பள்ளம்! அப்பா, பள்ளம்! வலப்பக்கம் கார்!” பாடசாலைத் தமிழ் வகுப்பில் நான்கு வருடம் இருந்தும் அவள் வாயிலிருந்து உரத்து வராத மொழி, வீதியில் வந்தது.

படித்து முடித்து அவள் பிரிஸ்டலுக்கு வேலைக்குப் போனாள். அங்கே பென் என்ற பையனுடன் ஒரு வீட்டில் இருக்கப் போவதாகச் சொன்னாள். கலியாணம் பற்றி இருவரும் இன்னும் யோசிக்கவில்லை என்றும் சொன்னாள். இவர் கத்தவில்லை. அதன் பிறகு அவளுடைய அழைப்பு வரும்போதெல்லாம் ரிசீவரை எடுத்து, காதில் வைக்காமல் என்னிடம் நீட்டுவார். இரண்டு வருடங்கள் அப்படிப் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் குன்றுக்குப் போய்வருவார். எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லாத ஒரு நாள் பள்ளத்தில் விழுந்து முழங்கையை உரித்துக்கொண்டு வந்தார். நான் மருந்து போட்டேன்.

3

அறுபது வயது நெருங்கியபோது உறவினர் எல்லோரும் அறுபதாங் கலியாணத்தை எந்தக் கோயிலில் வைப்பது என்று பேசத் தொடங்கினார்கள். அந்த மாதங்களில்தான் இவருக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு மோசமாகச் சுருங்கிவிட்டது என்றார்கள். நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும். காத்திருப்போர் வரிசையில் பெயரைப் போட்டிருக்கிறோம். அதுவரை கடும் உழைப்பு ஆகாது.

சத்திரசிகிச்சை நிபுணர் மிகவும் மரியாதையான மனிதர். “நான் உங்கள் இடத்தில் இருந்தால் சைக்கிளைச் சிறிது காலம் ஓரமாக வைத்துவிடுவேன்” என்றார். இந்த நாட்டில் அது தடை உத்தரவு. எங்கள் ஊர் டாக்குத்தர் என்றால், ‘செத்துப்போவீர் காணும்’ என்று மேசையில் தட்டிச் சொல்லியிருப்பார், இவரும் அடங்கியிருப்பார். வெளியே வந்ததும், “பாத்தீரே, தான் எண்டால் விடுவாராம். தன்ரை கதையைத்தான் சொல்லுறார்” என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நான் மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுப்பேன். இசை கேட்கும். பிறகு செயலாளர் விடுமுறையில் என்பார்கள். பிறகு, உங்கள் கணவரின் பெயர் வரிசையில் இருக்கிறது, ஆனால் வரிசை நகரவில்லை என்பார்கள். நூலகத்தில் எனக்குப் பகுதி நேர வேலை. புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடமும் ஓர் எண்ணும் இருந்தும் என் கணவருக்கு மட்டும் ஒரு நாள் இல்லையே என்று நினைப்பேன்.

அப்போதுதான் அபியிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து அட்டை வந்தது. அப்பாவுக்கு அறுபது. அந்த எரிமலைத் தீவுகளில் ஒன்றான தெனெரீஃபில் ஒரு வாரம். அப்பாவும் அவளும் கடற்கரையிலிருந்து எரிமலையின் வாய்வரை, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், ஏறுவதென்று திட்டம். ‘அம்மா காரில் பின்னால் வரலாம். பென் வரமாட்டான்.’ இரண்டு விமானச் சீட்டுகளும் இணைக்கப்பட்டிருந்தன.

இவர் அதை வாசித்துவிட்டு என்னிடம் தராமல் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தொலைபேசியைத் தானே எடுத்து, இரண்டு வருடங்களின் பின் அவளிடம், “ஓம் பிள்ளை. வாறன்” என்றார். அவ்வளவுதான்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே? அவளிட்டைச் சொல்லுங்கோ, ஒப்பரேஷன் முடியட்டும், பிறகு போவம்.”

“சொன்னால் என்ன செய்வாள்? டிக்கெட்டை ரத்துப்பண்ணிப்போட்டு இஞ்சை வந்து அழுவாள். அழ வாற பிள்ளையா அவள் எனக்கு வேண்டாம். சைக்கிள் ஓட வாற பிள்ளையா வரட்டும்.”

“மலையிலை ஏதும் நடந்தால்?”

“மெல்லமாத்தான் ஏறுவன். நீர் வாய் திறக்கக் கூடாது. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணும்.”

ஊரிலுள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் சனத்தின் வழக்கம் இது. பரீட்சை எழுதும் பிள்ளைக்குத் தகப்பனின் வருத்தம் சொல்லப்படாது. வெளிநாட்டில் இருக்கிறவருக்கு ஊரில் நடந்த சாவு உடனே சொல்லப்படாது. அபி என் வயிற்றில் இருந்தபோது என் தாயார் இறந்தார். குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதுவரை வந்த கடிதங்களில் எல்லாம் ‘அம்மா சுகம்’ என்று எழுதியிருந்தது. அதை எழுதிய கைகளை நான் ஒருபோதும் வெறுக்கவில்லை. அன்பு உள்ளவர்கள் மறைப்பார்கள் என்றுதான் நாங்கள் கற்றிருக்கிறோம். ஆகவே நானும் வாயை மூடிக்கொண்டு, வலதுபுறமாகக் கார் ஓட்டும் நாட்டுக்குப் பெட்டி கட்டினேன்.

4

அந்தத் தீவைப் பற்றி அழகாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது அழகானது. கீழே வெள்ளைத் துணிப் பந்தல்களுக்குள் வாழைத் தோட்டங்கள். அதற்கு மேலே கள்ளியும் கறுத்த கல்லும். அதற்கும் மேலே கடைசிக் கிராமம் ஒன்று. அதைத் தாண்டினால் பைன் காடு. காட்டுக்கும் மேலே மரமோ புல்லோ இல்லாத, எரிந்து ஆறிய சமவெளி. அதன் நடுவே எரிமலை. உலகம் இன்னும் செய்து முடிக்கப்படவில்லை என்பதுபோல் இருக்கும்.

முதல் மூன்று நாட்களும் சிறிய ஏற்றங்கள். நான் வாடகைக் காரில் பின்னால் ஊர்வேன். வளைவுக்கு வளைவு எதிரே வரும் பஸ்கள் என்னை மலைப் பக்கம் தள்ளின. எனக்கு அந்தப் பயம் பெரிதாகத் தெரியவில்லை. என் கண் முழுவதும் முன்னே போகும் ஒரு முதுகில் இருந்தது. தோள்கள் ஏறி இறங்கும் விதத்தை வைத்து அவர் மூச்சை அளந்துகொண்டு போனேன். நடுவில் நிறுத்துவார். குனிந்து வீதியைத் தொட்டுப் பார்ப்பார். “என்ன தார் பாரும்! கிராய்டனிலை இப்பிடி ஒரு துண்டு காட்டும் பாப்பம்!” என்பார். அபிக்கு அது தொழில் கிறுக்கு. எனக்கு அது மூச்சு வாங்கும் நேரம்.

“அப்பா, கம் ஓன்! முந்தி என்னை விட்டிட்டு ஓடுவீங்கள். இப்ப என்ன, இட்லி கூடிப்போச்சா?”

“உன்ரை கொப்பன் கிழவன், அறுபது. மரியாதை தா.”

“மேலை போய்த் தாறன்.”

அவள் சிரிப்பாள். இரண்டு வருடங்களாக அவள் அந்தச் சிரிப்பை எங்களுக்குக் காட்டியதில்லை. உணவுக்கு இருக்கும்போது பென்னைப் பற்றிக்கூட இவர் விசாரித்தார். “அவன் சைக்கிள் ஓடுவானோ?” “ஓடுவான் அப்பா, ஆனால் ஏற்றத்திலை அழுவான்.” “அப்ப கூட்டிக்கொண்டு வா. அழ விடுவம்.” நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் இந்த மேசை உடையும். சொல்லாவிட்டால், நாளை மறுநாள் அந்த மலையில் ஒரு மனிதர் விழுவார். இரண்டில் ஒன்றை நான் தெரிவுசெய்ய வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அபியிடம் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

5

நான்காம் நாள் பெரிய ஏற்றம். விடிந்ததும் புறப்பட்டார்கள். வாழைத் தோட்டங்களைத் தாண்டி, கள்ளிகளைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினார்கள். அபி சில வளைவுகள் முன்னே போய்க் காத்திருப்பாள். இவர் வரும்வரை பாட்டுப் பாடுவாள். கடைசிக் கிராமத்துக்குக் கீழே ஒரு வளைவில் இவர் சைக்கிளை நிறுத்தினார். இம்முறை தாரைப் பார்க்கவில்லை. சட்டையின் ஜிப்பைச் சரிசெய்வதுபோல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் காரின் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன். முகம் சாம்பல் நிறம். நான் கதவைத் திறந்ததும் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். கெஞ்சும் கை அது. பிறகு ஏறிக்கொண்டார்.

கிராமத்தில் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு சதுக்கம், ஒரு காப்பிக் கடை. இவர் வெளியே கல் மதிலில் உட்கார்ந்தார். அபி தண்ணீர்ப் போத்தல்களை நிரப்ப உள்ளே போனாள். நானும் பின்னாலே போனேன்.

“அபி, அப்பா மேலை ஏறக் கூடாது.”

“டயர்டா இருக்கிறாரா? இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம்.”

“டயர்ட் இல்லை. அவருக்கு இதயத்திலை வால்வு சுருங்கியிட்டுது. ஒப்பரேஷனுக்குப் பேர் குடுத்திருக்கு. டாக்குத்தர் சைக்கிளே ஓடக் கூடாதெண்டவர்.”

அவள் குழாயை மூடவில்லை. போத்தல் நிரம்பி வழிந்தது.

“எவ்வளவு நாளா?”

“நாலு மாசம்.”

“ஃபோர் மந்த்ஸ். நான் டிக்கெட் அனுப்ப முதலே.”

“ஓம்.”

“நான் அவரைக் கேலி பண்ணினன், அம்மா. மூண்டு நாளா. இட்லி எண்டு...” குரல் உடைந்தது. உடனே அடக்கிக்கொண்டாள். “நான் பிள்ளையா, விருந்தாளியா? வேறை யாருக்கெல்லாம் தெரியும்? கொக்குவிலுக்கும் தெரியுமா?”

கொக்குவிலுக்குத் தெரிந்திருந்தது.

“நீயே போய்ச் சொல்லு, இறங்குவம் எண்டு,” என்றேன். “நான் சொன்னால் கேக்கமாட்டார்.”

அவள் கடையின் வாசல்வழியாக வெளியே பார்த்தாள். மதிலில் உட்கார்ந்திருந்த மனிதர் தலையை நிமிர்த்தி மேலே பைன் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் கோபுரத்தைப் பார்க்கிறவர் முகம்போல் இருந்தது. அபி குழாயை மூடினாள். போத்தல்களின் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

மதிலில் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது காலை மெல்ல நீட்டினாள்.

“அப்பா, ஐ ஆம் சொறி. என்னாலை ஏலாது.”

“என்ன பிள்ளை?”

“முழங்கால். காலமை தொடக்கம் நோகுது. சொல்லாமல் ஓடினன். இப்ப மடக்க ஏலாது.”

இவர் அவளையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த மலையை ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம்தான். எழுந்து தன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

“அப்பா, நீங்கள் வேணுமெண்டால்...”

“விசர்க்கதை கதையாதை. உன்னை விட்டிட்டு நான் என்னத்தைக் காண மேலை போறது? மலை எங்கையும் ஓடாது. அடுத்த வருசம் வருவம்.”

6

இறங்கும்போது அவர்கள் இருவரும் பின் இருக்கையில் இருந்தார்கள். சைக்கிள்கள் மடிக்கப்பட்ட முன் இருக்கையில் சாய்ந்து கிடந்தன. இவர் என் கைப்பையிலிருந்த தைலத்தைக் கேட்டு வாங்கி, அபியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து முழங்காலைத் தடவினார். “இஞ்சையோ? இல்லை, கொஞ்சம் கீழையோ?” “கீழை அப்பா. ஓம், அதிலைதான்.” பிஞ்சுக் காலில் எண்ணெய் பூசிய நாட்களுக்குப் பிறகு அவர் அவளைத் தொட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் எனக்கு அபியின் முகம் தெரிந்தது. அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். இவர், “அவ்வளவு நோகுதே?” என்று கேட்டார். “ஓம் அப்பா” என்றாள்.

எங்களால் அவளுக்குத் தமிழ் எழுத்தைப் பழக்க முடியவில்லை. விரதம் பழக்க முடியவில்லை. யாரும் பழக்காத ஒன்றை, எங்களுக்குள் இருக்கும் மிக ஆழமான ஒன்றை, அந்த மதிலில் உட்கார்ந்து அவள் செய்தாள். மகிழ்வதா, பயப்படுவதா என்று தெரியாமல் நான் வளைவுகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

7

லண்டனுக்கு வந்ததும் அவள் பிரிஸ்டலுக்குப் போகவில்லை. முழங்காலுக்கு இங்கே நல்ல பிசியோதெரபி இருக்கிறது என்று தகப்பனிடம் சொல்லி, வேலையிடத்தில் விடுப்பு எடுத்து, தன் பழைய அறைக்கு வந்துவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு என்று புறப்பட்டு, டூட்டிங்கில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுப்பாள். அவளுடைய ஆங்கிலத்துக்கு முன்னால் செயலாளர்கள் விடுமுறையில் போகவில்லை. வரிசை கொஞ்சம் அசைந்தது.

இவர் ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் காலையும் மாலையும் அவள் அறைக்குக் கொண்டுபோவார். ஒருநாள் தொலைபேசி அடிக்க, மருத்துவமனை என்று நினைத்து அவள் படிகளில் பாய்ந்து ஓடினாள். பாதியில் நினைவு வந்து நின்றாள். கீழே இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோவு குறைஞ்சிட்டுது போலை,” என்றேன் அவசரமாக.

“அதுதான் பிழை,” என்றார். “குறைஞ்ச உடனை ஓடக் கூடாது. பிறகு மாறாத வருத்தமாப் போயிடும்.”

நாள் குறிக்கப்பட்டபோது, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தனக்கு ஒரு சின்ன ஒப்பரேஷன், பயப்பட ஒன்றும் இல்லை, நேற்றுத்தான் சொன்னார்கள் என்றார். அபி திடுக்கிட்டவள்போல் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏன் அப்பா முதலே சொல்லேல்லை?” என்றுகூடக் கேட்டாள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மலையில் ஏற விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அங்கேயே முடிந்திருக்கலாம். அல்லது உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். நாங்கள் அவரை மலையிலிருந்து இறக்கியது பிழைக்க வைப்பதற்காக. சத்திரசிகிச்சையில் அவர் பிழைக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மைத்துனரின் ‘அப்ப?’வுக்கு என்னிடம் உள்ள பதில், மகள் கூப்பிட்டாள், அதனால் போனார் என்பது ஒன்றுதான்.

சத்திரசிகிச்சை அன்று காலையில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். இவர் என் கையைப் பிடித்திருந்தார். ஆனால் பேசியது அவளுடன்.

“அபி, உன்ரை முழங்காலைக் கவனியாமல் விட்டிடாதை. பிசியோ மட்டும் காணாது. ஸ்கான் எடுக்கச் சொல்லிக் கேள். அவை ‘பார்ப்பம், பார்ப்பம்’ எண்டுவினம், நம்பாதை. நான் எழும்பின உடனை கூட்டிக்கொண்டு போறன்.”

“ஓம் அப்பா.”

“மலை கிடக்குது. முதல் கால்.”

“ஓம் அப்பா.”

அவள் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். இடது காலை இழுத்து, மெல்ல நொண்டி நடந்தாள். அவர் தலையை உயர்த்தி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவள் பின்னால் வெளியே வந்ததும் கதவு மூடியது. நீண்ட நடைபாதை. இனி அவரால் பார்க்க முடியாது. “அபி, காணும், விடு” என்றேன். அவள் திரும்பவில்லை. நொண்டிக்கொண்டே போனாள்.